நான்கு எச்சரிக்கை விளக்குகள், ஒரு எர்த் போல்ட்: ஏபிஎஸ் கோளாறு போலத் தெரிந்த மின்னழுத்தக் குறைவு

## பின்னணி

வண்டி ஒரு சிறிய எஸ்யூவி. 1.5 லிட்டர் டீசல் எஞ்சின், மேனுவல் கியர், ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி கிடையாது. வாங்கி நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகியிருந்தது. கோயம்புத்தூரில் வீட்டுக்கும் அலுவலகத்துக்குமாக ஒரு நாளைக்கு 12 கிலோமீட்டர்தான் ஓட்டம், அதுவும் நெரிசலில். சனி, ஞாயிறு பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே நிற்கும்.

திங்கட்கிழமை காலைகளில் செல்ஃப் இழுத்து இழுத்து அடிக்கும். சில நாள் முதல் முயற்சியில் கிளம்பாது. கிளம்பியதும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), ஈஎஸ்பி (வண்டி சறுக்காமல் காப்பது), ஸ்டீயரிங், ஏர்பேக் ஆகிய நான்கு விளக்குகளும் ஒன்றாக எரியும். ஸ்டீயரிங் கல் போல இறுகிவிடும். கால் மணி நேரம் ஓட்டி, வண்டியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் எல்லாம் மறைந்துவிடும். தீபாவளி விடுமுறையில் நான்கு நாள் நின்ற வண்டி அறவே கிளம்பவில்லை. பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டு எடுத்திருக்கிறார்கள்.

அதன்பின் போன முதல் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, ஏபிஎஸ் யூனிட் போய்விட்டது, மாற்ற ஏறத்தாழ 50 ஆயிரம் ரூபாய் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஸ்கேனர் காட்டிய கோளாறுக் குறியீடுகளை அழித்துப் பார்த்தும் அடுத்த திங்கட்கிழமையே திரும்பிவிட்டன. பேட்டரியை அவர்கள் சந்தேகிக்கவில்லை. அது வைத்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது: 60 ஆம்பியர்-மணி, 540 சிசிஏ (குளிரில் செல்ஃப் அடிக்கத் தரக்கூடிய ஆம்பியர்), திரவ அமிலப் பேட்டரி, மூடி திறக்கக்கூடிய வகை. இந்த நிலையில் வண்டி இரண்டாவது கருத்துக்காக இன்னொரு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. இந்த ஆய்வு அங்கே நடந்ததைப் பதிவு செய்கிறது.

## முதல் நாள் மதியம்: ஸ்கேனர் சொன்னது

உரிமையாளர் 14 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்தார். வந்தபோது ஒரு விளக்கும் எரியவில்லை. ஓடோமீட்டரில் 58,231.

எல்லா இசியூக்களையும், அதாவது வண்டியின் ஒவ்வொரு பகுதியையும் கட்டுப்படுத்தும் சிறு கணினிகளையும், ஸ்கேனரில் வரிசையாகக் கேட்டதில் ஆறு இசியூக்களில் மொத்தம் ஒன்பது குறியீடுகள் இருந்தன. எஞ்சின், பாடி, ஸ்டீயரிங், மீட்டர் போர்டு ஆகிய நான்கிலும் யூ0121, அதாவது ஏபிஎஸ் இசியூவுடன் தொடர்பு இல்லை என்ற குறியீடு. மீட்டர் போர்டில் கூடுதலாக யூ0131, ஸ்டீயரிங் இசியூவுடன் தொடர்பு இல்லை. ஸ்டீயரிங், ஏர்பேக், ஏபிஎஸ் மூன்றிலும் யூ3003, பேட்டரி மின்னழுத்தம் சரியில்லை. கடைசியாக ஏபிஎஸ்ஸில் சி0050, வலது பின்சக்கர வேக சென்சார்.

இந்தப் பட்டியலைப் பார்த்து ஏபிஎஸ் யூனிட்டைக் குற்றம் சாட்டத் தோன்றுவது இயல்பே. நான்கு சாட்சிகள் ஒரே பெயரைச் சொல்கின்றன. அந்த யூனிட்டுக்குள்ளேயே சக்கர சென்சார் குறியீடு வேறு இருக்கிறது. எஞ்சின் இசியூவில் மின்னழுத்தக் குறைவுக்கான பி0562 இல்லாததால், பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும் முதல் ஒர்க்‌ஷாப் முடிவு செய்திருக்கிறது.

ஆனால் தொடர்பு இல்லை என்ற குறியீட்டை வாசிக்கும் முறை வேறு. அதை எழுதுவது மௌனமான இசியூ அல்ல. அது மௌனமானபோது விழித்திருந்த மற்றவை எழுதுகின்றன. ஏபிஎஸ் பேசவில்லை என்பது மட்டுமே அதில் உறுதி. ஏன் பேசவில்லை என்பதற்கு யூனிட் கெட்டது, கேன் வயர் (இசியூக்கள் ஒன்றோடொன்று பேசும் வயர்) அறுந்தது, எர்த் (பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை) விட்டது, சப்ளை விழுந்தது என நான்கு பதில்கள் உண்டு. யூனிட் மாற்றினால் தீர்வது அவற்றில் ஒன்றுதான்.

எது என்று பிரிக்க உதவியது ஃப்ரீஸ் ஃப்ரேம், அதாவது குறியீடு பதிந்த கணத்தில் வண்டி இருந்த நிலையின் பதிவு. ஒன்பதில் எட்டுக் குறியீடுகள் ஒரே ஓடோமீட்டர் எண்ணில், 58,206 கிலோமீட்டரில் பதிந்திருந்தன. வேகம் 0. எஞ்சின் சுழற்சி நிமிடத்துக்கு 140, அதாவது எஞ்சின் இன்னும் ஓடவில்லை, செல்ஃப் மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தந்த இசியூ கண்ட மின்னழுத்தம் 7.1 முதல் 8.6 வோல்ட் வரை. சி0050 மட்டும் தனியாக நின்றது: 58,171 கிலோமீட்டர், வேகம் 38, மின்னழுத்தம் 14.1.

ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்தாறு இசியூக்கள் ஒரே நொடியில் கெட்டுப்போவதில்லை. அவற்றுக்குப் பொதுவாக இருப்பது சப்ளையும் எர்த்தும்தான். எனவே எட்டுக் குறியீடுகள் ஒரு சம்பவம், ஒன்பதாவது வேறு சம்பவம் என்று அப்போதே பிரிக்கப்பட்டது. குறியீடுகள் எதுவும் அழிக்கப்படவில்லை. முழுப் பட்டியலும் ஃப்ரீஸ் ஃப்ரேமோடு சேமிக்கப்பட்டது. முதல் ஒர்க்‌ஷாப்பில் அழித்தபின் அதே கோளாறு மறுபடி வந்ததால்தான் இந்தத் தடயம் கிடைத்தது.

பி0562 ஏன் இல்லை என்பதற்கும் விளக்கம் உண்டு. கார் மின்னணுக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 16750-2 தரநிலை, 12 வோல்ட் கருவிகள் எவ்வளவு குறைந்த மின்னழுத்தம் வரை தாங்க வேண்டும் என்பதை 6, 8, 9, 10.5 வோல்ட் என நான்கு வகையாகப் பிரிக்கிறது. வண்டியைக் கிளப்ப வேண்டிய எஞ்சின் இசியூ தாழ்ந்த மின்னழுத்தத்திலும் உயிரோடு இருக்கும்படி வடிவமைக்கப்படும்; செல்ஃப் அடிக்கும்போது மின்னழுத்தம் விழுவதை அது எதிர்பார்த்தே இருக்கும், குறையாக எழுதாது. ஏபிஎஸ், ஸ்டீயரிங் போன்றவை அதற்கு மேலேயே ஒதுங்கிவிடும். மற்ற இசியூக்களும் செல்ஃப் அடிக்கும் சில நொடிகளுக்குத் தொடர்புக் குறியீடு எழுதுவதை நிறுத்தி வைப்பது வழக்கம். இங்கே செல்ஃப் ஒவ்வொரு முறையும் நான்கைந்து நொடி நீண்டதால் அந்தப் பொறுமை தீர்ந்துவிட்டது.

## முதல் நாள் மாலை: பேட்டரி தவறாகத் தேறியது

இங்கே ஒரு பிழை நடந்தது. வண்டி வந்த பத்தாவது நிமிடத்தில் பேட்டரி டெர்மினலில் மீட்டர் வைத்தபோது 12.58 வோல்ட். கையடக்க பேட்டரி டெஸ்டரும் நல்லது என்றே காட்டியது. வேலை அட்டையில் பேட்டரி சரி என்று எழுதிவிட்டு, கவனம் ஏபிஎஸ் வயரிங்குக்குப் போனது.

ஓடி நின்ற வண்டியின் பேட்டரியில் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் ஏற்றிய சார்ஜ் தகடுகளின் மேற்பரப்பில் தங்கியிருக்கும். உள்ளே பாதி காலியாக இருந்தாலும் மீட்டர் நிறைவாகக் காட்டும். ஒன்று, ஹெட்லைட்டை ஹை பீமில் இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்று நேரம் விட்டு அளக்க வேண்டும். அல்லது ஓர் இரவு நிற்கவிட்டு அளக்க வேண்டும். ஓய்வு நிலையில் 12.6க்கு மேல் முழு சார்ஜ், 12.4 ஏறத்தாழ முக்கால், 12.2 பாதி, 12.0 கால். பார்வைக்கு 12.6க்கும் 12.2க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பேட்டரிக்கு அது பாதி உயிர்.

ஏபிஎஸ் வயரிங் சோதனை வீண் போகவில்லை. யூனிட்டின் கப்ளரை (வயர் இணைப்பானை) கழற்றி, சப்ளை முனைக்கும் எர்த் முனைக்கும் இடையே 21 வாட் பல்பை எரியவிட்டு அளந்தார்கள். அந்தச் சுமையில் சப்ளை வயரில் இறக்கம் 0.04 வோல்ட், எர்த் வயரில் 0.03. நெட்வொர்க் முழுக்க உறங்கிய பின் ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14 முனைகளுக்கு இடையே 60.3 ஓம்; கேன் வயரின் இரு கோடிகளிலும் உள்ள 120 ஓம் தடைகள் இணையாக இருந்தால் வர வேண்டிய 60 ஓமுக்கு இது சரி. ஆக யூனிட்டுக்குப் போகும் வயரும் கேன் இணைப்பும் நலம்.

அங்கிருந்து இரண்டு வழிகள் இருந்தன: யூனிட்டைக் கழற்றி சோதனைக்கு அனுப்புவது, அல்லது வண்டியை இரவு நிறுத்திக் காலையில் கோளாறை நேரில் பார்ப்பது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். புகார் முழுக்கக் காலைப் புகார். மதியம் அளந்த எந்த எண்ணும் அதற்குப் பதில் ஆகாது. உரிமையாளரிடம் காரணத்தைச் சொல்லி வண்டியை வாங்கி வைத்தார்கள். வீட்டில் நிற்பது போலவே பூட்டி, எதையும் கழற்றாமல் விட்டார்கள்.

## இரண்டாம் நாள் காலை: ஒரே செல்ஃப், இரண்டு இடங்களில் அளவு

14 மணி நேரம் கழித்து, கதவைத் திறக்கும் முன்பே பேட்டரியில் 12.24 வோல்ட். முந்தைய நாளின் தீர்ப்பு அங்கேயே கவிழ்ந்தது. மூடிகளைத் திறந்து ஹைட்ரோமீட்டர் வைத்தால் ஆறு செல்லிலும் அமிலத்தின் அடர்த்தி 1.190க்கும் 1.200க்கும் இடையில். பேட்டரி பாதிதான் நிறைந்திருக்கிறது. ஆனால் ஆறும் ஒரே மாதிரி இருப்பதால் செல் எதுவும் சாகவில்லை. ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 தாழ்ந்திருந்தால் முடிவு வேறாகியிருக்கும்.

அடுத்து, மின்னழுத்தத்தைக் கணத்துக்குக் கணம் வரைந்து காட்டும் அலைகாட்டியின் ஒரு சேனலை பேட்டரி டெர்மினல்களிலும், இன்னொன்றை ஏபிஎஸ் கப்ளரின் பின்புறமாக அதன் சப்ளை, எர்த் முனைகளிலும் வைத்து செல்ஃப் அடித்தார்கள். சாதாரண மல்டிமீட்டர் இதற்குப் போதாது. மோட்டார் சுழலத் தொடங்கும் முதல் இறக்கம் சில பத்து மில்லி நொடிதான் நீடிக்கும். மீட்டரின் திரை புதுப்பிப்பதற்குள் அது கடந்துவிடும். அலைகாட்டி இல்லாதவர்கள் ஒரு மில்லி நொடி அளவில் உச்சத்தைப் பிடிக்கும் வசதியுள்ள மீட்டரைப் பயன்படுத்தலாம்.

பேட்டரியில் முதல் இறக்கத்தில் 7.9 வோல்ட், பிறகு சுழலும்போது 9.4. ஏபிஎஸ் கப்ளரில் அதே கணங்களில் 6.0, 8.4. வண்டி இம்முறை கிளம்பிவிட்டது, ஆனால் ஏபிஎஸ் விளக்கு எரிந்தது, யூ0121 புதிதாகப் பதிந்தது. கோளாறு கண் முன்னே நிகழ்ந்தது.

பேட்டரி பாதி காலி என்பது 9.4ஐ விளக்கும். பேட்டரிக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் நடுவே காணாமல்போன ஒரு வோல்ட்டை விளக்காது. பேட்டரி டெர்மினலில் மட்டும் அளந்திருந்தால் இந்த ஒரு வோல்ட் தெரியவே வந்திருக்காது. அதனால் அன்று பேட்டரி மாற்றும் யோசனை தள்ளி வைக்கப்பட்டது. புதுப் பேட்டரி 10.5 வோல்ட் கொடுத்து அந்த இழப்பை மறைத்துவிடும், விளக்குகள் அணையும், ஏழெட்டு மாதத்தில் அதே புகார் திரும்பி வரும்.

## காணாமல்போன ஒரு வோல்ட்

பாசிட்டிவ் பக்கமா, எர்த் பக்கமா என்று பிரிப்பதே முதல் வேலை. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி பாசிட்டிவ் டெர்மினலிலிருந்து ஏபிஎஸ் சப்ளை முனை வரை இறக்கம் 0.06 வோல்ட். பேட்டரி நெகட்டிவ் டெர்மினலிலிருந்து பாடியின் சுத்தமான உலோகம் வரை 0.97 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது எர்த் பாதை முழுவதிலும் 0.2 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான வரம்பு.

இந்த வண்டியில் பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் பேட்டரி தட்டுக்குப் பக்கத்தில் பாடியில் போல்ட் செய்யப்பட்டிருக்கிறது. கியர்பாக்ஸுக்கான எர்த் பட்டை அந்தப் பாடியிலிருந்தே கிளம்புகிறது. ஆகவே செல்ஃப் மோட்டாரின் மின்சாரம் முழுவதும் அந்த ஒரு போல்ட் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. அங்கே விழும் ஒவ்வொரு வோல்ட்டும் பாடியை எர்த்தாகக் கொண்ட எல்லா இசியூக்களின் சப்ளையிலிருந்தும் கழிந்துவிடும். எர்த் கேபிள் எஞ்சினுக்கு நேராகப் போகும் வண்டிகளில் இதே பிழை வேறு விதமாகத் தெரியும் என்பதால், அளக்கும் முன் கேபிள் போகும் வழியை விரலால் தொட்டுப் பின்தொடர்ந்து பார்ப்பது நல்லது.

போல்ட்டைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. கேபிளின் தடித்த லக்குக்கும் (நுனியில் உள்ள உலோக வளையம்) பாடிக்கும் நடுவே ஒரு சிறிய வளைய லக் செருகப்பட்டிருந்தது. அது பின்னாளில் பொருத்திய ஏதோ ஒன்றின் எர்த் வயர். பெரிய லக் தளத்தில் முழுதாக அமராமல் சாய்ந்து, ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. இடைவெளியில் மழை ஈரம் புகுந்து வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. போல்ட்டும் முழு இறுக்கத்தில் இல்லை.

கேபிளைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் காட்டிய செல்ஃப் மின்சாரம் ஏறத்தாழ 370 ஆம்பியர். ஒரு வோல்ட்டை அதால் வகுத்தால் இணைப்பின் தடை 2.7 மில்லி ஓம். மல்டிமீட்டரை ஓமில் வைத்து இந்த இணைப்பைச் சோதித்திருந்தால் நல்லது என்றே காட்டியிருக்கும். மீட்டர் வயர்களின் தடையே இதைப்போல் பல மடங்கு. தடித்த கேபிளையும் எர்த்தையும் ஓமில் சோதிக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். மின்சாரம் ஓடும்போது வோல்ட் இறக்கத்தை அளப்பது ஒன்றே நம்பத்தக்கது.

## இரண்டாம் நாள் மதியம்: பேட்டரியைக் காலி செய்தது எது

போல்ட் மின்னழுத்தத்தை இழக்கவைத்தது. பேட்டரியை யார் பாதியாக்கினார்கள் என்ற கேள்வி மிச்சமிருந்தது. அந்தச் சிறிய லக்கின் வயர் டேஷ்போர்டுக்குள் போனது. உரிமையாளரிடம் கேட்டபோதுதான் வரிசை புரிந்தது: பத்து மாதத்துக்கு முன் முன்னும் பின்னும் பார்க்கும் டேஷ்கேம் பொருத்தினார், சில வாரங்களில் செல்ஃப் மந்தமானது, மூன்றரை ஆண்டு ஓடிய பழைய பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று எட்டு மாதத்துக்கு முன் மாற்றினார், சில வாரம் நன்றாக இருந்தது. பேட்டரி கடையில் கேமராவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

நிறுத்தியிருக்கும் வண்டி இழுக்கும் மின்சாரத்தை அளக்க பேட்டரி டெர்மினலைக் கழற்றி நடுவே மீட்டர் வைப்பது பழைய முறை. இன்றைய வண்டியில் அப்படிக் கழற்றினால் எல்லா இசியூக்களும் மறுபடி விழித்துக்கொள்ளும்; தூங்க மறுத்த ஒன்று இருந்திருந்தால் அதுவும் சரியாகிவிடக்கூடும், தடயம் போய்விடும். ஆகவே மில்லி ஆம்பியர் காட்டும் டிசி கிளாம்ப் மீட்டரை நெகட்டிவ் கேபிளைச் சுற்றி மாட்டினார்கள். பானெட் திறந்தே இருக்க, அதன் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளினார்கள். ஃப்யூஸ் பெட்டியை எட்டும்படி ஓட்டுநர் கதவின் பூட்டையும் அதே போல் தள்ளி, ரிமோட்டில் பூட்டி, சாவியை அலுவலக அறைக்குக் கொண்டுபோய் வைத்தார்கள்.

பூட்டிய உடன் 4.8 ஆம்பியர். இரண்டு நிமிடத்தில் 1.1. இருபத்தைந்து நிமிடத்தில் 0.30க்கு வந்து அங்கேயே நின்றது. ஒரு மணி நேரம் ஆகியும் இறங்கவில்லை. உறங்கிவிட்ட வண்டி இழுக்க வேண்டியது 0.05 ஆம்பியருக்குள்.

ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்காமல், அவற்றின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து வரிசையாகத் தொட்டார்கள். மின்சாரம் ஓடாத ஃப்யூஸில் பூஜ்யம் வரும். ஒரு 10 ஆம்பியர் மினி ஃப்யூஸில் 2.0 மில்லி வோல்ட் வந்தது. அந்த ஃப்யூஸின் தடை ஏறத்தாழ 7.5 மில்லி ஓம் என்பதால் 0.27 ஆம்பியர். டேஷ்கேமுக்கு எப்போதும் சப்ளை எடுத்த கிளை அதில்தான் இருந்தது. கிளையைக் கழற்றியதும் மொத்தம் 0.028 ஆம்பியராக இறங்கியது.

0.30 ஆம்பியர் கேட்க அற்பமாக இருக்கும். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 7 ஆம்பியர்-மணி. வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை 18. ஏசி, ஹெட்லைட், நெரிசல் எல்லாம் சேர்ந்த 12 கிலோமீட்டர் ஓட்டத்தில் திரும்ப ஏறுவது அன்றன்றைய செலவுக்கே சரியாகும். வார இறுதிக் கடன் அடையவே அடையாது. பேட்டரி மாதக்கணக்கில் 50, 60 சதவீதத்திலேயே கிடக்க, தகடுகளில் சல்பேட் படிந்து சார்ஜ் ஏற்கும் திறனும் குறையும். கேமராவின் பாதுகாப்பு வெட்டு, அதாவது பேட்டரி இறங்கினால் கேமரா தானே அணையும் அளவு, 11.8 வோல்ட்டில் வைக்கப்பட்டிருந்தது. அந்த எண் வரும்போது பேட்டரி அநேகமாகக் காலி. கேமராவைக் காக்க அது உதவும், வண்டியைக் கிளப்ப உதவாது.

## எடுத்த முடிவுகள்

பேட்டரியை மாற்றாமல் மீட்கப் பார்ப்பது என்று முடிவானது. ஆறு செல்லும் சமமாக இருந்தது அதற்கு முதல் காரணம். வண்டியிலிருந்து இறக்கி (நெகட்டிவ் முதலில்), காற்றோட்டமான இடத்தில் 6 ஆம்பியரில், அதாவது கொள்ளளவின் பத்தில் ஒரு பங்கில் சார்ஜ் வைத்தார்கள். 14.4 வோல்ட்டில் மின்சாரம் 1 ஆம்பியருக்குக் கீழே இறங்கி நிலைக்கும் வரை 11 மணி நேரம் பிடித்தது. நீர்மட்டம் இரண்டு செல்லில் குறைந்திருந்தது. சார்ஜ் முடிந்த பிறகே டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினார்கள். 12 மணி நேர ஓய்வுக்குப் பின் 12.68 வோல்ட், டெஸ்டரில் 498 சிசிஏ. பிறகு சிசிஏவில் பாதியான 270 ஆம்பியரை 15 நொடி இழுத்த லோடு சோதனையில் 10.1 வோல்ட்டில் நின்றது, 9.6க்குக் கீழே போயிருந்தால் மாற்றச் சொல்லியிருப்பார்கள்.

எர்த் போல்ட் இருந்த தளத்தை கம்பி பிரஷ், எமரி தாள் கொண்டு பளபளக்கும் உலோகம் வரை சுத்தம் செய்தார்கள். லக்கின் இரு முகமும் அப்படியே. பெரிய லக் நேராக பாடியில், கையேடு சொன்ன இறுக்கத்தில். இறுக்கிய பின்னரே மேலே வாஸ்லின் (பெட்ரோலியம் ஜெல்லி) பூசப்பட்டது. முன்பே பூசினால் அது இடையில் தங்கும். கேமராவின் எர்த் டேஷ்போர்டுக்குக் கீழே தனியான ஒரு போல்ட்டுக்கு மாற்றப்பட்டது. பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலில் நேரடியாக மாட்டுவது தவிர்க்கப்பட்டது, ஏனென்றால் அங்கே இருக்கும் பேட்டரி சென்சாருக்கு வெளியே ஓடும் மின்சாரம் வண்டியின் சார்ஜ் கணக்கில் வராது.

கேமராவை எடுத்துவிடச் சொல்வது எளிது. ஆனால் தெருவில் நிற்கும் வண்டியை யாரோ உரசிப் போனதால்தான் அவர் அதை வாங்கியிருந்தார். அந்தத் தேவை உண்மையானது. எனவே வெட்டு அளவு 12.4 வோல்ட்டுக்கு உயர்த்தப்பட்டு, நிறுத்திய 6 மணி நேரத்தில் தானாக அணையும்படி அமைக்கப்பட்டது. ஒரு நிறுத்தத்துக்கு ஏறத்தாழ 1.6 ஆம்பியர்-மணி, இதை அன்றாட ஓட்டம் ஈடுகட்டும். இரவு முழுக்கக் கண்காணிப்பு வேண்டுமென்றால் கேமராவுக்குத் தனி பேட்டரி வாங்க வேண்டும் என்பதும் சொல்லப்பட்டது.

ஒன்பதாவது குறியீடான சி0050க்கு வருவோம். 14.1 வோல்ட்டில், ஓடும் வண்டியில் பதிந்த அது மின்னழுத்தக் கணக்கில் சேராது. வலது பின்சக்கர சென்சார் கப்ளருக்குள் சேறும் ஈரமும். ஒரு முனை தளர்ந்திருந்தது. சுத்தம் செய்து, முனையை இறுக்கி, வயரைக் கிளிப்பில் மாட்டினார்கள். எல்லாவற்றையும் பேட்டரி தலையில் கட்டிவிட்டு மொத்தமாக அழித்திருந்தால் இந்த உண்மைக் கோளாறு தப்பியிருக்கும்.

## பின் நடந்தது

பேட்டரியை மாட்டிய பின் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பிக் கோணம் கற்க வைத்தார்கள். கண்ணாடிகளின் தானியங்கி ஏற்றத்தையும் மறுபடி அமைத்தார்கள். அதன் பின்னரே குறியீடுகள் அழிக்கப்பட்டன. அதே இரண்டு இடங்களில் அலைகாட்டி: பேட்டரியில் முதல் இறக்கத்தில் 8.9, சுழலும்போது 10.6, ஏபிஎஸ் கப்ளரில் 8.7, 10.5. எர்த் போல்ட்டின் இறக்கம் 0.05 வோல்ட். ஆல்டர்னேட்டர் ஹெட்லைட்டும் ஏசியும் ஓட 2000 சுழற்சியில் 14.2 கொடுத்தது, அதில் கலந்த மாறுமின்னோட்ட அலைவு 0.06 வோல்ட் மட்டுமே, ஆக ஆல்டர்னேட்டரின் டயோடுகளும் நலம்.

வண்டி 72 மணி நேரம் பூட்டி நிறுத்தப்பட்டது. திறக்கும் முன் 12.61 வோல்ட். ஒரே செல்ஃபில் கிளம்பியது, விளக்கு எதுவும் எரியவில்லை, ஆறு இசியூக்களிலும் குறியீடு இல்லை. மேடு பள்ளமான சாலையில் 20 கிலோமீட்டர் ஓட்டியும் சி0050 திரும்பவில்லை. ஆறு வாரத்திலும் நான்கு மாதத்திலும் கேட்டபோது திங்கட்கிழமைப் புகார் இல்லை. நான்காம் மாத அளவு, ஓர் இரவு ஓய்வுக்குப் பின் 12.56. சிசிஏ மட்டும் 480க்கு இறங்கியிருந்தது. மாதக்கணக்கில் பட்டினி கிடந்த பேட்டரி தன் முழு ஆயுளைத் தராது என்று உரிமையாளரிடம் சொல்லப்பட்டது. ஏபிஎஸ் யூனிட் தொடப்படவே இல்லை.

## மாற வேண்டியவை

முதல் நாள் மாலை பேட்டரிக்குக் கொடுத்த தேர்ச்சிதான் இந்த வேலையில் பெரிய குறை. மேலோட்டமான சார்ஜை நீக்கிவிட்டு அளந்திருந்தால் ஏபிஎஸ் வயரிங்கில் செலவழித்த மூன்று மணி நேரம் மறுநாளுக்குப் போயிருக்கும், அநேகமாகத் தேவைப்பட்டிருக்காது. டெஸ்டர் சொன்ன நல்லது என்ற சொல்லும் அளந்த எண்ணும் ஒன்றல்ல என்பதால், இனி அட்டையில் தீர்ப்பு எழுதாமல் வோல்ட், சிசிஏ, அளந்த நேரம், வண்டி நின்று எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையே எழுதுவது என மாற்றினார்கள்.

இன்னொன்று, முதல் நாள் ஸ்கேன் செய்தபோது சாவி ஆன் நிலையில் வண்டி நாற்பது நிமிடம் நின்றது. அந்த நேரத்தில் பாதி நிறைந்த பேட்டரி மேலும் இறங்கி, ஸ்கேனரே புதுக் குறியீடுகளை உண்டாக்கியிருக்கலாம். இனி ஸ்கேன் தொடங்கும்போதே 13.5 வோல்ட்டில் நிலையாக நிற்கும் சப்ளையை மாட்டுவது என்று முடிவு. சாதாரண சார்ஜர் இதற்கு ஆகாது; அதன் வெளியீடு அலைபாயும். இசியூவுக்கு மென்பொருள் ஏற்றும் வேலைகளில் இது இல்லாமல் தொடங்கவே கூடாது, நடுவில் சப்ளை விழுந்தால் யூனிட் உண்மையாகவே செத்துவிடும்.

பழுதுபார்க்க வண்டியை வாங்கி வைக்கும்போது நிரப்பும் படிவத்தில் நான்கு கேள்விகள் சேர்ந்தன: கோளாறு தெரியும் முன் வண்டி எத்தனை மணி நேரம் நின்றது, அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் போகிறதா, பேட்டரி எப்போது, என்ன புகாருக்காக மாற்றப்பட்டது, வண்டியில் வெளியே வாங்கிப் பொருத்தியது என்னென்ன, அதன் எர்த் எந்த போல்ட்டில் இருக்கிறது. நான்காவதற்கு உரிமையாளர்களுக்குப் பெரும்பாலும் விடை தெரிவதில்லை. அதனால் பானெட்டைத் திறந்து பேட்டரியின் இரு டெர்மினல்களையும் எர்த் போல்ட்டையும் போட்டோ எடுத்துப் படிவத்தோடு சேர்க்கும் வேலை, வண்டியை வாங்கி வைப்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது.